ஆறு பிஸ்கற், ஒரு ஆள்

நாலு சென்ரிமீற்றர் அகலம்,
ஆறு உயரம்.
ஆங்கிலம் கப்பலேறும்போதே அச்சாகி வந்துவிட்டது,
மிச்சம் இரண்டு பாஷையும் இதற்குள் அடங்கவேண்டும்.
சிங்களம் மேலே. அதன் காலடியில் நான்.

பேலியகொடை ஸ்டோர்ஸில்
கொன்ரெய்னர் திறந்தால் பீனட் பட்டர் வாசம்
மீன் சந்தைப் பக்கக் காற்றோடு சண்டை பிடிக்கும்.
தமிழ் தெரிந்த ஒரே ஆள் என்பதால்
பிழை பார்ப்பதும் என் வேலை.
போன மாதம் ஒரு எழுத்துத் தவறி
புரதம் புரமாகிப் போனது.
நாலு கிராம் புரம்.
ஆயிரத்து இருநூறு பக்கற்றில்
சத்து ஊராகி, கடைகளுக்குப் போய்விட்டது.
ஒருவரும் கேட்கவில்லை.

கொழுப்பு பத்துக் கிராம், மாச்சத்து இருபத்துமூன்று,
சோடியம் முந்நூற்றைம்பது மில்லிகிராம்.
உப்பு என்றால் எல்லோருக்கும் விளங்கிவிடும்,
அதனால் சோடியம்.

கடைசி வரி:
நாளொன்றுக்கு இரண்டாயிரம் கலோரி உண்பவரை
அடிப்படையாகக் கொண்டது.

தட்டும்போதெல்லாம் இந்த மனிதரை யோசிப்பேன்.
கல்யாண வீட்டிலும்
இரண்டாயிரம் ஆனதும் கை கழுவி எழும்புகிறவர்.
ஆயிரத்துத் தொளாயிரத்தில் ஒருநாளும் படுக்காதவர்.
காஸ் வரிசையில் நாங்கள்
சிலிண்டருக்குப் பக்கத்தில் செருப்பை அடையாளம் வைத்துவிட்டு
பாண் தேடிப்போன வருசத்திலும்
அவருக்கு இரண்டாயிரம்தான்.
பொரளை பஸ்ஸில் நான் கண்டதில்லை.
கறுவாத்தோட்டத்தில் வீடாக இருக்கும்,
அல்லது வீடே இல்லாமல்
பக்கற்றின் பின்பக்கத்தில் மட்டும் வாழ்கிறாரோ தெரியாது.
அவர் வயிற்றின் பதின்மூன்று வீதத்தைத்தான்
நான் இந்த நாட்டுக்கெல்லாம் ஒட்டுகிறேன்.

மூன்றரைக்குத் தேத்தண்ணி.
நசுங்கின பெட்டியிலிருந்து ஒரு பக்கற்.
ஒருவருக்கான அளவு: ஆறு.
நாங்கள் நாலு பேர்.
ஆளுக்கு ஒன்றரை, நாற்பத்தேழரைக் கலோரி,
என் தலை இப்போது அப்படித்தான் வேலை செய்கிறது.
சப்ராஸ் நகத்தால் அரைவாசியாக உடைக்கிறான்,
உள்ளே இருந்ததெல்லாம்
ஒரு பாதியோடு ஒட்டிக்கொண்டு போகிறது.
மற்றதில் வெறும் மாவும் உப்பும்.
கொஞ்ச நேரம் எல்லோரும்
ஃபோர்க்லிஃப்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
நில்மினி வெறும் பாதியை எடுத்து
தேத்தண்ணியில் தோய்த்தாள்.
தோய்த்தது கோப்பைக்குள் விழுந்தது.
சிரித்த சிரிப்பில்
சப்ராஸுக்குப் புரைக்கேறிவிட்டது.

இன்றைக்குப் பிரச்சினை வேறு.
ஒவ்வாமை எச்சரிக்கை:
நிலக்கடலை, கோதுமை, சோயா, பால்.
நிலக்கடலை சரியான சொல்.
ஆனால் காலிமுகத்திடலில் தாள்சுருளோடு திரிகிறவன்
கச்சான் கச்சான் என்றுதான் கூவுகிறான்.
கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு மேல்மாடி, துஷியந்தி.
மகனுக்கு ஆகாது.
ஒருமுறை உதடு ஊதி, கண் மூடி,
ரிஜ்வே ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில்
மழைக்குள்ளால் ஓடினவள்.
கடையில் அவள் லேபல் வாசிப்பதில்லை,
தேடுகிறாள்.
விரலை வைத்து வரி வரியாக,
கானாவைத் தேடுகிறாள்.

கச்சான் என்றும் சேர்க்கவேணும் என்றேன்.
இடமில்லை என்றார் ஃபாயிஸ் நானா,
கல்குலேட்டரிலிருந்து கண் எடுக்காமல்.
ஸ்டிக்கரைப் பெரிசாக்கினால்
றோலுக்கு எவ்வளவு கூடும் தெரியுமா?
தெரியாது.
எல்லோரும் போனபிறகு
கடைசி வரிக்குப் போனேன்.
இரண்டாயிரம் கலோரி மனிதரை
ஒரு புள்ளி சின்னதாக்கினேன்.
மெலிந்தார்.
இன்னும் அரைப் புள்ளி.
அவர் விட்ட இடத்தில்
கச்சான் வந்து குந்தியது, தடித்த எழுத்தில்.

முதல் அச்சு காயமுன்னர் தொட்டுவிட்டேன்.
பெருவிரலில் தலைகீழாக ஒரு கானா,
அதோடு பஸ் ஏறினேன்.
கொண்டக்டருக்கு நீட்டிய நூறு ரூபாயில்
பாதி ஒட்டிக்கொண்டு போனது.